ஆயர் யாரிடம் போய்ச் சொல்வார்?

சபைப் போதகர்களான ஆயர்களின் மன அழுத்தத்துக்கு ஜெபமும் ஓய்வும் போதும் என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். ஓய்வு எங்கே கிடைக்கிறது? தென்மாவட்டத்தில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் ஒன்றில், அதாவது ஒரே ஆயரின் பொறுப்பிலுள்ள பல ஊர்ச் சபைகளின் தொகுதியில், கமிட்டி உறுப்பினராக இருந்தவன் நான். ஒரு ஆயருக்குப் பல ஊர் ஆலயங்கள். சனிக்கிழமை கல்யாணம், இரவு ஒரு துக்க வீடு, விடிந்தால் ஆராதனை. நடுவில் அசன (சபை விருந்து) கணக்குச் சண்டையும் அவர் தலையில்தான். பேராயரின் கீழ் வரும் சபைகள் எல்லாம் சேர்ந்த திருமண்டலத்தில் தேர்தல் வந்துவிட்டால், ஆயரைப் பற்றி 'ஐயர் எந்த அணி?' என்ற கேள்வி வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல், சொல்லி அழ ஆள் இல்லாதது. அவருடைய மேய்ப்பர் பேராயர். இடமாற்ற உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. அவரிடம் போய் 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று யார் சொல்வார்கள்? சபையாரிடம் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்கள்.

அமெரிக்காவில் பார்னா என்ற கிறிஸ்தவ ஆய்வு நிறுவனம் 2022 மார்ச்சில் எடுத்த ஆய்வில், 42 சதவீத புராட்டஸ்டண்ட் போதகர்கள் முந்தைய ஓராண்டில் முழுநேர ஊழியத்தை விட்டுவிட யோசித்ததாகச் சொன்னார்கள். வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகம் மெதடிஸ்ட் போதகர்களின் உடல்நலம், மனநலத்துக்கென்றே 2007 முதல் தனித் திட்டம் நடத்தியது. அங்கேயும் இடமாற்ற முறைதான், பேராயர்தான் நியமிக்கிறார்.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்தான். நம் திருமண்டலங்கள் வெளியே இருக்கிற மனநல ஆலோசகருக்குப் பணம் கட்டட்டும். யார் போனார் என்ற விவரம் மட்டும் பேராயர் அலுவலகத்துக்கு வரக் கூடாது. அப்புறம், ஆயரின் மனைவியான ஐயரம்மாவையும் அதில் சேர்க்க வேண்டும்.