வறட்சியில் வெட்டிய கவ்வாத்து

இங்கிலாந்தின் மென்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்டக் கழகம், இருபது அணிகள் ஆடும் பிரீமியர் லீக்கின் 2024-25 பருவத்தை 42 புள்ளிகளோடு பதினைந்தாம் இடத்தில் முடித்தது. ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இந்தக் கழகத்துக்காக நித்திரை முழித்தவர்கள் நாலு பேர். நால்வருக்கும் நாலு கருத்து. பயிற்றுவிப்பாளர் எரிக் டென் ஹாக்கை நீக்கியதே பிழை என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. அவருக்குப் பதிலாக ரூபன் அமோரிமை அழைத்து வந்தது பிழை என்பவரோடும் இல்லை. அதைச் செய்த காலம்தான் பிழை என்கிறேன்.

2024 மே மாதத்தில் மென்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வீழ்த்தி எப்.ஏ. கிண்ணத்தை வென்றாலும், லீக்கில் அணி எட்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. நிர்வாகம் அப்போது வேறு பயிற்றுவிப்பாளர்களோடும் பேசிப் பார்த்துவிட்டு, ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தையே 2026 வரை நீட்டியது. அவருக்கு ஏற்ற வீரர்களைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியது. பிறகு, ஒன்பது லீக் ஆட்டங்களில் 11 புள்ளிகள் மட்டுமே சேர்ந்த நிலையில், வெஸ்ட் ஹாமிடம் தோற்ற மறுநாளான ஒக்டோபர் 28ஆம் திகதி அவரை வீட்டுக்கு அனுப்பி, பருவத்தின் நடுவிலேயே அமோரிமை அழைத்து வந்தது. ஜூலையில் தெரியாத எந்த உண்மை ஒக்டோபரில் தெரியவந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் அப்பா முப்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். வறட்சியில் கவ்வாத்து வெட்டினால் செடி துளிர்க்காது, காய்ந்துதான் போகும் என்பார். பந்தாட்டம் அவருக்குத் தெரியாது. ஆனால் அமோரிமின் கதையை நான் சொன்னபோது, "மழை பார்க்காம வெட்டிட்டானுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பின்னால் மூவரை மட்டும் நிறுத்தும் அமோரிமின் 3-4-2-1 அமைப்பில் இரு ஓரங்களிலும் ஒருவரே மேலும் கீழும் ஓடிக் களைக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அணியில் இல்லை. இப்ஸ்விச்சுடனான முதல் ஆட்டத்தில் முன்கள வீரரான அமாட் வலது ஓரத்தைக் காத்தார். இரண்டாவது நிமிடத்திலேயே ரஷ்போர்ட் கோல் போட, எல்லாம் சரியாகிவிட்டது என்று குதித்தேன், முடிவு 1-1. பிறகு வலது காலுக்குப் பழகிய டாலோட்டை இடது ஓரத்தில் பல ஆட்டங்களில் பார்த்தோம். அவர் பந்தை வலது காலுக்கு மாற்றி எடுக்கும் அந்த ஒரு நொடியில் எதிரணி முழுவதும் பின்னால் வந்து நின்றுவிடும். பருவம் முடிந்த பிறகு வரவே தாம் விரும்பியதாக அமோரிமே சொல்லியிருக்கிறார். அதே சமயம், இருக்கிற வீரர்களுக்காகத் தன் அமைப்பைக் கொஞ்சமும் தளர்த்தாத பிடிவாதம் அவருடையதுதான்; அதை நிர்வாகத்தின் தலையில் கட்ட மாட்டேன். அவர் பொறுப்பில் 27 லீக் ஆட்டங்கள், 27 புள்ளிகள்.

ஏப்ரலில், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூரோப்பா லீக்கில், பிரான்ஸின் லியோனுடனான ஆட்டத்தை எப்படி மறப்பது? பத்துப் பேரோடு ஆடிய லியோன் மேலதிக நேரத்தில் 4-2 என்று முந்தியபோது, சீனி டின்னில் சாய்த்து வைத்திருந்த போனை அணைக்கக் கை போனது. பிறகு புரூனோவின் பெனல்ட்டி, மைனு, கடைசியில் மக்வயரின் தலை: 5-4. விடிந்தால் தோட்ட வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போக வேண்டிய அம்மா, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்.

அந்த இரவை வைத்து அணி தேறிவிட்டதாக நம்பியதுதான் எங்கள் முட்டாள்தனம். மே 21ஆம் திகதி பில்பாவோவில், லீக்கில் நமக்கும் கீழே பதினேழாம் இடத்தில் முடித்த டொட்டன்ஹாமிடம், அவர்களின் ஜோன்சன் உரசி உள்ளே விட்ட ஒரே கோலில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தைத் தோற்றோம். அதோடு அடுத்த பருவத்தின் ஐரோப்பியப் போட்டிகளும் போயின.

நாலு நாளில் லீக்கின் கடைசி ஆட்டத்தில் அஸ்டன் வில்லாவை 2-0 என்று வென்ற பிறகு, அமோரிம் ஒலிவாங்கியைப் பிடித்து ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டியவர்களில் ஒருவராவது வந்து அவர் பக்கத்தில் நிற்பார் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.