பாலின் பிராடியின் கைகளைப் பாருங்கள்

யூடியூபில் "ஜம்ப் சில்ட்ரன்" என்று தேடினால் ஒரு கறுப்பு வெள்ளைத் துண்டுப்படம் வரும். 1946-இல் வெளியானது. ஒரு பாட்டு நீளம்தான். மேடை முழுக்கப் பெண்கள்: ஸாக்ஸபோன் வரிசை, டிரம்பெட், டிராம்போன், டிரம்ஸ். முன்னால் நின்று நடத்துபவர் அன்னா மே வின்பர்ன். குழுவின் பெயர் இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம், அமெரிக்க ஜாஸ் இசைக்குழு. இந்த வாரம் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். இரண்டு கேள்விகள் வந்தன. "நிஜமாவே இவங்கதான் வாசிக்கிறாங்களா?" அப்புறம், "ஆம்பளைங்க போருக்குப் போயிட்டதால இவங்களுக்கு வாய்ப்பு வந்திருக்கும், இல்ல?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் வாழ்ந்த காலம் முழுக்க இதே இரண்டையும் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதல் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் படங்களுக்கு சவுண்டீஸ் என்று பெயர். சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம் 1940-இல் பனோரம் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஆள் உயர மரப்பெட்டி, உள்ளே 16 மி.மீ. படச்சுருள், கண்ணாடிகள், மேலே ஒரு சிறிய திரை. மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் வைத்திருந்தார்கள். 10 சென்ட் நாணயம் போட்டால் ஒரு பாட்டு ஓடும். சுருளில் எட்டுப் படங்கள் வரிசையாக இருக்கும். எது வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அடுத்து எது வருகிறதோ அதுதான். வேறு யாரையோ பார்க்கலாம் என்று காசு போட்டவர் முன்னால் திடீரென்று இந்தப் பெண்கள் வந்து நின்றிருப்பார்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு அதை ஓடவிட்டு, அதற்கேற்ப வாசிப்பதுபோல் படமெடுப்பார்கள். சந்தேகம் அங்கிருந்துதான் வருகிறது. சரி, இதே இயந்திரத்துக்காகப் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் குழுவும் படம் எடுத்துக்கொண்டதே, அவர்களைப் பார்த்து யாராவது இப்படிக் கேட்டார்களா? ஸ்வீட்ஹார்ட்ஸ் ராணுவ வானொலிக்காக வாசித்த பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. குழுவில் இருந்த வை பர்ன்சைடின் டெனர் ஸாக்ஸபோனை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மிசிசிப்பியில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடந்த பைனி வுட்ஸ் பள்ளியில், நிதி திரட்டுவதற்காக 1930-களின் கடைசியில் தொடங்கிய குழு இது. 1941-இல் பள்ளியை விட்டுப் பிரிந்து தொழில்முறைக் குழுவானது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதே அந்த ஆண்டு டிசம்பரில்தான். யாருடைய காலி நாற்காலியையும் நிரப்ப இவர்கள் வரவில்லை. போர் முடிந்த 1945-இல் ஐரோப்பாவுக்கே போய்க் கறுப்பினப் படைவீரர்களுக்காக வாசித்தார்கள்.

அவர்கள் ஊர் ஊராகப் போன பேருந்துதான் அவர்களுக்கு வீடு. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அப்போது கறுப்பினத்தவருக்கு ஓட்டலில் அறை கிடைக்காது. சாப்பிடுவதும் தூங்குவதும் அதிலேயே. 1943-இல் ராஸ் க்ரான் என்ற வெள்ளையினப் பெண் ஸாக்ஸபோன் வாசிக்கச் சேர்ந்தார். இரண்டு இனத்தவரும் ஒன்றாகப் பயணம் செய்வது அப்போது அங்கே சட்டப்படி குற்றம். முகத்தில் கருமை பூசிக்கொண்டு மேடை ஏறினார். எல் பாசோ நகரில் ஓர் இரவு சிறையிலும் இருந்தார். அந்த மேடைச் சிரிப்புக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

டிராம்போன் வாசித்த ஹெலன் ஜோன்ஸ் உட்ஸின் கதை இன்னும் கனமானது. 1949-இல் குழு கலைந்த பிறகு ஒமாஹா சிம்பனி இசைக்குழுவில் சேர்ந்தார். வெளிர் நிறம் என்பதால் கறுப்பினத்தவர் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் வேலை போனது. பிறகு செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். எவ்வளவு நல்ல டிராம்போனை இழந்திருக்கிறோம் என்று நினைத்தால் கோபமாக வருகிறது.

சவுண்டீஸ் கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெண்கள் என்றால் சிரிப்பையும் கால்களையும் காட்டும். விரல்களைக் காட்டக் கஞ்சத்தனம் செய்யும். அதனால் அடுத்த முறை பார்க்கும்போது கேமரா இழுக்கும் பக்கம் போகாதீர்கள். பின்வரிசையில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பாலின் பிராடி. பள்ளிக்காலத்திலிருந்தே அந்தக் குழுவில் இருந்தவர். அவர் பிரேமுக்குள் வரும் சில நொடிகளில் கைகளை மட்டும் பாருங்கள். நான் அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி போடுகிறேன்.