மார்கழியில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள்

எங்கள் தெருவில் ஒரு தவில் வித்வான் இருக்கிறார். கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் தவிலுக்கு உறை போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். தை முகூர்த்தம் வரும்வரை அது அங்கேயே இருக்கும். இடைப்பட்ட நாள்களில், தவில் வார் அழுத்தித் தழும்பேறிய அதே தோளில் மருந்து டேங்கைச் சுமந்துகொண்டு, அடுத்தவர் உளுந்துக் காட்டுக்கு மருந்தடிக்கப் போகிறார். சென்னையில் இதே நாள்களைத்தான் இசை 'சீசன்' என்று சொல்கிறார்கள்.

சென்னையின் சீசன் மீது எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. 1927 டிசம்பரில் அங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக மறு ஆண்டு மியூசிக் அகாடமி உருவானது. பிறகு சபாக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. ஆண்டுக் கடைசி, விடுமுறை, வெளியூர் விருந்தாளிகள் என்று அந்த நகரத்தின் வசதிக்கு ஏற்ப அமைந்த நாள்காட்டி அது. என் குறை வேறு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் கிராமங்களில் கலை, இலக்கிய நிகழ்ச்சி நடத்த முன்வருகிறவர்கள் எங்கள் காட்டு வேலையையும் பார்ப்பதில்லை, எங்கள் மாதங்களையும் பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டாம், ஓர் அமைப்பு எங்கள் பக்கத்துக் கிராமத்தில் 'மக்களைத் தேடி இலக்கியம்' என்ற தோரணையில் ஒரு விழா எடுத்தது. நேரம் காலை பத்து மணி. உளுந்திலும் பாசியிலும் களையெடுப்பு நடக்கும் பருவத்தில் அந்நேரத்துக்கு ஊரில் இருப்பவர்கள் கைக்குழந்தைகளும் எழுந்து நடக்க முடியாதவர்களும்தான். நாற்காலிகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சீருடையோடு வரிசையாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் பன்னிரண்டரைக்கு வந்து, கிராமங்களில் வாசிப்பு அருகிவிட்டது என்று முக்கால் மணி நேரம் வருந்திவிட்டுப் போனார். களையெடுத்த பெண்கள் சாப்பாட்டு வாளியோடு திரும்பியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "என்னத்துக்குப் பந்தல், யாரும் மந்திரி வந்தாகளா?" என்று ஒருத்தி கேட்டாள்.

மார்கழியில் இங்கே கலை இல்லை என்பதும் பொய். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்குச் சிறுவீட்டுப் பொங்கலைச் சொல்லத் தேவையில்லை. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணப் பிள்ளையார் மேல் செருகிய பூசணிப் பூவையும் பீர்க்கம் பூவையும் பெண் பிள்ளைகள் அந்தந்த நாளே அந்தச் சாணத்தோடு தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தையில் முற்றத்தில் சின்னதாக ஒரு மண் வீடு கட்டி, அதற்கு வாசல், அடுப்படி எல்லாம் வைத்து, பொங்கலிட்டு, சேர்த்து வைத்த பூ எருவைக் கும்மியடித்துப் பாடிக்கொண்டே ஆற்றிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடுவார்கள். அந்தக் கும்மிப் பாட்டில் அண்ணனைக் கேலி செய்யும் அடி, வரப்போகும் மாமியாருக்கு முன்கூட்டியே விடும் எச்சரிக்கை, மழைக்கு நன்றி எல்லாம் வரும். ஒவ்வொரு தெருவிலும் ஓர் அடி கூடும், ஓர் அடி குறையும். என் அத்தைக்கு இரவு முழுக்கப் பாடும் அளவுக்குத் தெரியும். அத்தை மகளுக்கு நாலு அடி தெரியும். விழா எடுக்கிற எவரும் இதுவரை அத்தையைத் தேடி வந்ததில்லை. (பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி மட்டும் தவறாமல் நாலரைக்கு வந்துவிடுகிறது. முன்பு சங்கும் சேமக்கலமுமாக ஒரு பெரியவர் தெருவைச் சுற்றி வந்து எழுப்பினார். இப்போது அந்த வேலையைப் பென்டிரைவ் பார்க்கிறது.)

இதற்கு நேர் எதிராக, ஊரின் நேரத்திலேயே நிகழும் ஒரு கலையைப் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவு திருக்குறுங்குடிக்குப் போக வேண்டும். மகேந்திரகிரியின் அடிவாரத்தில் உள்ள நம்பிப் பெருமாள் கோயிலில் அன்றிரவு கைசிக நாடகம் நடக்கிறது. பாணர் குலத்து நம்பாடுவான், கைசிகப் பண்ணில் நம்பியைப் பாடப் போகும் வழியில் பசித்த பிரம்மராட்சசனிடம் அகப்படுகிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு உணவாகிறேன் என்று பதினெட்டுச் சத்தியங்கள் செய்கிறான். சொன்னபடியே திரும்பியும் வருகிறான். கோயிலுக்குள் நுழைய முடியாத அவன் வெளியே நின்று கும்பிடுவதற்காகக் கொடிமரமே விலகி நின்றது என்பார்கள்; இன்றும் அந்தக் கொடிமரம் சன்னதிக்கு நேரே இல்லாமல் ஒதுங்கித்தான் நிற்கிறது. நலிந்து கிடந்த இந்த நாடகத்துக்கு 1990களின் இறுதியில் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜமும் மறுபடி உயிர் கொடுத்தார்கள். நான் போயிருந்த இரவில் என்னைக் கவர்ந்தது ஆட்டத்தைவிடக் கூட்டம்தான். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை அது. ஆனாலும் சத்தியங்கள் ஒவ்வொன்றாக விழும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

எட்டயபுரத்தில் டிசம்பர் 11 எப்படிப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1882இல் பாரதி பிறந்த வீடும், கல்கி முன்னின்று பணம் திரட்டி 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் அங்கே இருக்கின்றன. காலையில் மாலைகள் விழும், மாணவர்கள் பாடுவார்கள், மதியத்தோடு ஊர் அடங்கிவிடும். மாலை போட வந்த கார்கள் போன பிறகு, அன்று இரவு ஏழு மணிக்கு உள்ளூர்க்காரர்கள் நூறு பேர் உட்கார்ந்து பாரதியைப் படித்தால் என்ன என்று நான் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரவில் யார் வருவார்கள் என்று சிலர் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்கழியில், எங்கள் ஊர் நூலக வாசலில் டியூப்லைட்டைத் தொங்கவிட்டு, கிணற்றுப் பாசனம் பற்றிய ஒரு சிறுகதையை நண்பர் ஒருவர் வாசித்தார். இருபது பேர் போல இருந்தோம். கமலை இறைக்கும் இடத்தில் 'வாளி' என்று ஒரு சொல் வந்ததும், பின்னால் துண்டைத் தலையில் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர், "வாளி இல்ல தம்பி, கூனை" என்றார். அதோடு கதை நின்றது. கூனை எத்தனை படி தண்ணீர் கொள்ளும், வடம் எங்கே திரிப்பார்கள், மாடு பின்னடி வைத்து வரும்போது என்ன சொல்லி அதட்டுவார்கள் என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. இரு பெண்கள் வீட்டுக்குப் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். நான் கேட்ட இலக்கிய விமர்சனங்களில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஈடாக அதிகம் சொல்ல முடியாது.

ஆகவே என் யோசனை எளியது. மார்கழியில் கல்யாணம் இல்லை. அதனால் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன, மைக்செட்காரர் சும்மா இருக்கிறார், நாகசுரமும் தவிலும் உறைக்குள் இருக்கின்றன. வில்லுப்பாட்டுக்காரர்களுக்கும் அப்போது கோயில் கொடை விழா கிடையாது. தை பிறந்துவிட்டால் யாரையும் பிடிக்க முடியாது. முகூர்த்தம் ஒரு பக்கம் இழுக்கும், பொங்கலுக்குச் சென்னை சங்கமம் கலைவிழாவுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் ரயிலேறுவார்கள், புத்தகக் கண்காட்சிக்கு எழுத்தாளர்கள் ரயிலேறுவார்கள். போகட்டும், அது அவர்களுக்கு வருமானம். ஆனால் வருமானமே இல்லாத மார்கழியில் அவர்களுக்கு உள்ளூரில் இரண்டு கச்சேரி கொடுத்தால் அது தானமாகாது, காலமறிந்த செலவு.

மழையை மறந்து நான் பேசவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தாமிரபரணி கரையை மீறி வந்ததும், ஆழ்வார்திருநகரிக் கோயிலில் பகல் பத்து உற்சவம் நடக்க வேண்டிய நாள்களில்தான். எங்கள் பருவத்தின் குணம் அது. அதனால்தான் திறந்தவெளிப் பந்தலை விட்டுவிட்டு, கூரையுள்ள மண்டபத்தைக் கேட்கிறேன். எங்கள் ஊர் மண்டபத்தாரிடம் கேட்டுப் பார்த்தேன். கரண்டுச் செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்றார்.

இந்த மார்கழியில் நான்கு சனிக்கிழமை இரவுகளைக் குறித்திருக்கிறோம். முதல் வாரம் தவில் தனி, அதன்பின் ஒரு கதை வாசிப்பு. அத்தை மூன்றாவது வாரம் பாடச் சம்மதித்திருக்கிறார். தவில் வித்வானிடம் ஆறு மணி சரிப்படுமா என்று கேட்டேன். "ஆறுக்குத்தான் காட்டுல இருந்தே வருவேன், மருந்து வாடை போகக் குளிக்கணும்லா, ஏழரைன்னு போடுங்க" என்றார். ஏழரை என்றே நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.