பத்துக்கு ஐந்து வாங்கிய பள்ளி

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணினான். வேலை மாறி எங்கள் பக்கம் வருகிறான், வீடு தேடுகிறான். குரலே இறங்கியிருந்தது. "அக்கா, வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. நடந்து போற தூரத்துல எலிமெண்டரி ஸ்கூல். ஆனா பள்ளிகளுக்கு மார்க் போடுற வெப்சைட்ல ரேட்டிங் பத்துக்கு அஞ்சுதான் காட்டுது. விட்டுடலாம்னு இருக்கோம்." பள்ளிக்குள் போய்ப் பார்த்தாயா என்றேன். இல்லை. அந்த ஐந்து எதை வைத்து வந்தது என்று பார்த்தாயா? அதுவும் இல்லை.

அமெரிக்காவில் நம்மவர்களிடம் இந்தப் பேச்சை வருடக்கணக்கில் கேட்டு வருகிறேன். மனசு கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த ரேட்டிங்குகளில் பெரும்பங்கு மாநிலத் தேர்வு மார்க்கிலிருந்து வருவது. 2002 ஜனவரியில் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' என்ற அமெரிக்க மத்திய அரசின் சட்டம், 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு வேண்டும் என்றது. 2015-ல் வேறு சட்டம் வந்தும் அந்தத் தேர்வு நீடிக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளியில் இதை எழுதுவது மூன்று வகுப்புப் பிள்ளைகள்தான். முதல் தேர்வு எழுதும்போது குழந்தைக்கு எட்டு, ஒன்பது வயது. அதற்குள் வீட்டில் படித்துக் காட்டிய கதைகள், ப்ரீஸ்கூல், சனிக்கிழமை டியூஷன், ராத்திரி ஷிஃப்டுக்குப் போகும் அம்மா எல்லாமே அந்த மார்க்கில் சேர்ந்துவிடுகின்றன. ஆக, அந்த மார்க் பள்ளி மட்டும் போட்ட மார்க் இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது. 1966-லேயே ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்த அரசு அறிக்கை, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்று சொல்லிவிட்டது.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. முதல் பள்ளியில் 100-க்கு 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், 20 பேர் ஏழைப் பிள்ளைகள். வசதியானவர்களில் 80 சதவீதமும் ஏழைகளில் 40 சதவீதமும் தேறுகிறார்கள். மொத்தத் தேர்ச்சி 72. இரண்டாவது பள்ளியில் 30 பேர்தான் வசதியானவர்கள், மீதி 70 பேர் ஏழைகள். அங்கே வசதியானவர்களில் 85 சதவீதம், ஏழைகளில் 45 சதவீதம் தேறுகிறார்கள். மொத்தம் 57. எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இரண்டாவது பள்ளியில்தான் தேர்ச்சி அதிகம். ஆனால் பட்டியலில் 72 மேலே, 57 கீழே. அந்த 57-ஐப் பார்த்துத்தான் நாம் வீட்டை விட்டுவிட்டு வருகிறோம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷான் ரியர்டன் என்ற ஆய்வாளர் நாடு முழுக்க உள்ள பள்ளி மாவட்டங்களின் தேர்வு முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தார். சராசரி மார்க்குக்கும் குடும்ப வசதிக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. ஆனால் வருடா வருடம் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் வசதிக்கும் அந்த அளவு தொடர்பு இல்லை. 2009 முதல் 2014 வரையிலான கணக்கில், சிகாகோ பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் நாட்டுச் சராசரிக்குக் கீழே இருந்தார்கள். எட்டாம் வகுப்புக்குள், ஐந்தே வருடத்தில் ஆறு வருடப் படிப்புக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்திய டீச்சர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

என் மகள் படித்ததும் ரேட்டிங் குறைவான பள்ளிதான். வாரம் ஒருநாள் மூன்றாம் வகுப்புக்கு உதவப் போவேன். ஸ்பானிஷ் பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு பையன், தோட்டத்தைச் சுற்றி வேலி போட எத்தனை அடி வேண்டும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனதும் மெதுவாக, "ஃபென்ஸ்னா என்ன?" என்று கேட்டான். பேப்பர் ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்து, சுற்றிலும் சின்னச் சின்னக் குச்சிகள் போட்டுக் காட்டினேன். நாலு பக்கத்தையும் கூட்டி அரை நிமிடத்தில் விடை எழுதிவிட்டான். தேர்வு அறையில் அவனுக்கு யார் குச்சி வரைந்து காட்டுவார்கள்? அங்கே அவன் கணக்குத் தெரியாத பிள்ளை.

இன்னொன்று. தேர்வு முடிவுகளைப் பிரிவு பிரிவாகவும் காட்டுவார்கள். அதில் 'ஆங்கிலம் கற்பவர்கள்' என்ற பிரிவின் மார்க் எப்போதும் கீழேதான் இருக்கும். நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை அந்தப் பிரிவை விட்டே வெளியே போய்விடுகிறது. அதிகபட்சம் நான்கு வருடம் வரை அவர்களையும் கணக்கில் சேர்க்க மாநிலங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது, அதற்குப் பிறகு இல்லை. இலவச மதிய உணவு பெறுவோர் 100 சதவீதம் என்று பார்த்தாலும், எல்லோரும் ஏழைகள் என்று பதற வேண்டாம். ஏழ்மை அதிகமுள்ள பள்ளிகள் ஆளுக்கு ஆள் விண்ணப்பம் வாங்காமல் எல்லோருக்கும் உணவு தர 2010 சட்டம் வழிசெய்திருக்கிறது. 'ஆசியர்' என்ற பிரிவும் அப்படித்தான். மென்பொருள் பொறியாளரின் மகளும், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதியாக வந்த மோங் இனக் குடும்பத்துப் பையனும் அதே ஒரு பிரிவுக்குள் நிற்கிறார்கள்.

ரேட்டிங் குறைந்த பள்ளியெல்லாம் நல்ல பள்ளி என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்கு வருடம் பாதி டீச்சர்கள் மாறும் பள்ளியில் என் பிள்ளையையும் சேர்க்க மாட்டேன். கூடப் படிக்கும் பிள்ளைகளின் பின்னணியும் முக்கியம்தான், கோல்மன் அறிக்கையே அதைச் சொல்கிறது. ஆனால் 'கூட்டம் சரியில்லை' என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் வேலிக் கணக்குப் போட்ட பையன்.

தம்பியிடம், மாநிலக் கல்வித் துறை பள்ளிகளுக்குப் போடும் ரிப்போர்ட் கார்டில் வளர்ச்சி என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மொத்த மார்க்கை விட்டுவிட்டு ஒவ்வொரு பிரிவுப் பிள்ளைகளும் எப்படிச் செய்கிறார்கள் என்று படிக்கச் சொன்னேன். பிரின்சிபாலைப் பார்த்து, எத்தனை டீச்சர்கள் ஐந்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கிறார்கள், வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு எந்த மாதத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். வியாழக்கிழமை காலையில் பள்ளியைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறான். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறான், போகிறேன்.