'ஒருமனதாக' என்னும் பொய்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், சேர்வராயன் மலையைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிக் 'கலந்துரையாடினோம்'. கலக்கவும் இல்லை, உரையாடவும் இல்லை.

இன்னொரு ஆழ்துளைக் கிணறு போடுவதென்று முன்கூட்டியே முடிவெடுத்து, தட்டுவடை செட்டுக்கும் சொல்லிவிட்ட பிறகுதான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது தெரியாமல், 'கருத்துச் சொல்லுங்கள்' என்றதை நம்பி வாயைத் திறந்தேன். தமிழ்நாடு முழுவதும் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக்காக எங்கள் கட்டடத்திலும் ஒரு குழி உண்டு. அது சேறடைத்துக் கிடக்க, அதன் மூடிமேல் யாருடையதோ ஒரு பழைய ஸ்கூட்டர் நிற்கிறது. நம்முடையது பாறை பூமி. வெடிப்புகளில் தேங்குகிற நீரைத்தான் உறிஞ்சுகிறோம். மழையை உள்ளே விடாமல் இன்னொரு துளை போட்டு எதை எடுப்பது என்று கேட்டேன்.

என் கணக்கு தவறாகவே இருக்கட்டும். எங்கே தவறு என்று ஒருவர் காட்டியிருந்தால் பேசாமல் தட்டுவடையைத் தின்றிருப்பேன். வந்த பதிலோ, "ஏனுங்க தம்பி, இத்தனை பேரு சரிங்கறப்ப நீங்க மட்டும் எதுக்குங்க குறுக்கே நிக்கறீங்க?" என்பதுதான். வாடகைக்கு இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு வேறு. பஞ்சம் வந்தால் குழாய் சொந்தக்காரனையும் வாடகைக்காரனையும் பிரித்துப் பார்க்குமா?

இதைவிட எரிச்சலூட்டியது படிக்கட்டில் நடந்தது. இரண்டாம் மாடிக்காரர் என் தோளைத் தொட்டு, "நீங்க சொன்னதுதான் சார் நியாயம்" என்று காதோடு சொன்னார். 1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். உடனிருந்தவர்கள் பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னபோது, கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போன விடைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னபோதோ அந்த அளவு வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவராக மாடியில் இருந்திருக்க வேண்டியவர், படிக்கட்டில் வந்து நியாயம் பேசினால் நான் என்ன செய்ய?

மறுநாள் தீர்மான நோட்டு கையெழுத்துக்கு வந்தது. 'ஒருமனதாக நிறைவேறியது' என்றிருந்ததில் 'ஒருமனதாக' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். "நோட்டை இப்படிக் கெடுத்துட்டீங்களே" என்று செயலாளர் வருந்தினார்.