வரி கட்டாதவர்கள் என்று யாரைச் சொன்னீர்கள்?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் காணொளியை ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டம், மைக் பிடித்த வெள்ளைச் சட்டைக்காரர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இப்படியே சொத்து வரியை ஏற்றிக்கொண்டு போனால் வசதி உள்ளவர்கள் எல்லோரும் சென்னையை விட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் வரி கட்டாதவர்கள் மட்டும்தான் இந்த ஊரில் மிஞ்சுவார்கள்" என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது.

முதல் வாக்கியம் எனக்குப் பழகிப்போனது. இரண்டாவதுதான் மூன்று நாட்களாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. வரி கட்டாதவர்கள். அதாவது வாடகைக்குக் குடியிருக்கிறவர்கள். அதாவது நானும் என் அம்மாவும்.

அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் 'போய்விடுவார்கள்'.

யாரும் போகவில்லை. தியாகராய நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 14 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். வாடிக்கையாளர்களுக்கு அரையாண்டுதோறும் சொத்து வரி கட்டிக் கொடுப்பதும் என் வேலைதான். போயஸ் தோட்டம், ஆழ்வார்பேட்டை, அண்ணா நகர், பெசன்ட் நகர் என்று எல்லாப் பகுதி ரசீதும் என் மேசைக்கு வரும். 2022இல் சொத்து வரியை ஏற்றிய பிறகு, அதைத் தாங்க முடியவில்லை என்று வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனவர் என்று ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. மகனோடு இருக்க டல்லாஸ் போனவர் உண்டு, முழங்கால் வலியால் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனவர் உண்டு. அவர்களும் சென்னை வீட்டை விற்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த வாடகைக் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்.

உயர்வு சிறியது என்று சொல்ல வரவில்லை. 2022 ஏப்ரலில் வந்த அறிவிப்பில் பழைய மாநகராட்சிப் பகுதிக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011இல் சேர்த்த பகுதிகளுக்கு 25இல் தொடங்கி 100 வரை. கேட்டால் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் அதற்கு முன் சென்னையில் வரியைத் திருத்தியது 1998இல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் 2018இல் ஏற்றியதையும் 2019 நவம்பரில் நிறுத்திவைத்துவிட்டார்கள். 1998இல் இந்த ஊரில் ஒரு கிரவுண்டு என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? அந்தக் கணக்கை மைக்கில் யாரும் பேசுவதில்லை.

ஒரு ரசீதைச் சொல்கிறேன், ஆளைச் சொல்ல மாட்டேன். ஆழ்வார்பேட்டையில் 1,900 சதுர அடி ஃப்ளாட். அரையாண்டு வரி 3,900 ரூபாயாக இருந்தது, 9,750 ஆனது. 2024இல் வந்த 6 சதவீதத்தையும் சேர்த்து இப்போது 10,335. அதே ஃப்ளாட்டுக்கு லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி என்று மாதம் 9,000 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் போகிறது. ஆறு மாத வரியும் ஒரு மாதப் பராமரிப்பும் ஏறக்குறைய ஒன்று. பராமரிப்புக் கட்டணம் ஏறியபோது யாரும் ஊரைவிட்டுப் போவதாகச் சொல்லவில்லை. அந்த வீட்டு ஐயா அக்டோபர் பிறந்தால் முதல் தேதியே கூப்பிட்டுவிடுவார். "மாதக் கடைசிக்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டே, மறந்துவிடாதே அம்மா." 516 ரூபாய் 75 காசு. அவர் நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுவார். ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பப் போகிற மனிதர் அடுத்த அரையாண்டுக் கழிவை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

போனால்தான் எங்கே போவார்கள்? ஓ.எம்.ஆர். பக்கம் என்கிறார்கள். பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் 2011 முதல் இதே மாநகராட்சிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி வரை இதே மாநகராட்சிதான். நாவலூருக்கோ கானத்தூருக்கோ போனால்தான் இந்த வரி விடும். சரி, போகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆழ்வார்பேட்டை வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டா போக முடியும்? வாங்கியவர் வரி கட்டுவார். விற்காமல் பூட்டிவைத்தால் இவரே கட்டுவார். சொத்து வரி சொத்தோடு இருக்கிறது, ஆளோடு போவதில்லை. இந்தச் சின்ன விஷயம் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குமா தெரியவில்லை?

உடனே அமெரிக்காவை இழுப்பீர்கள். என் பழைய பதிவின் கீழே ஒரு நண்பர் ஏற்கெனவே இழுத்துவிட்டார், நியூயார்க் காலியாகப் போகிறதாம். ஜோரான் மம்தானி அந்த நகரத்தின் மேயர் தேர்தலில் நின்றபோது, ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் வரி என்று சொன்னார். அது வருமான வரி. மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் மேயரால் அதைப் போடவே முடியாது. வருமானத்தைப் பெட்டியில் போட்டு, மாநில வருமான வரி இல்லாத ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோகலாம், அதனால் அங்கே அந்தப் பயத்துக்காவது ஓர் அர்த்தம் இருக்கிறது. அங்கேயும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பதுதான் ஆராய்ந்தவர்கள் கண்டது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த கிறிஸ்டோபல் யங் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவும் 13 ஆண்டு வரிக் கணக்குகளைப் பார்த்தார்கள். கோடீஸ்வரர்களில் ஆண்டுக்கு 2.4 சதவீதம் பேர் மாநிலம் மாறினார்கள், பொதுமக்களில் 2.9 சதவீதம் பேர். பணம் இருப்பவர்தான் அதிகம் வேரூன்றி இருக்கிறார். தொழில் அங்கே, பிள்ளைகளின் பள்ளி அங்கே, தெரிந்த மனிதர்கள் அங்கே. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2022இல் மக்களே வாக்களித்து, பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 4 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று அங்கேயும் சொன்னார்கள். 2024 நிதியாண்டில் அந்த ஒரு வரியில் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஓடியவரே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் 2023இல் சியாட்டிலிலிருந்து ஃப்ளோரிடாவில் உள்ள மயாமிக்குப் போவதாக அறிவித்தார், பெற்றோருக்கு அருகில் இருக்கப் போவதாகச் சொன்னார். வரிக்காகத்தான் போனார் என்று நீங்கள் சொன்னால் அதற்கும் நான் சண்டை போடவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் பேசியவர் பெசோஸ் கிடையாது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டன. லாரித் தண்ணீருக்கு அடுக்குமாடி வீடுகள் கொட்டிக் கொடுத்த பணத்தை நான் கணக்கில் எழுதியிருக்கிறேன். யாரும் போகவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகு விட்டார்கள். நான்கு நாள் ஹோட்டலில் தங்கினார்கள், வடிந்ததும் திரும்பிவந்து சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். தண்ணீர் இல்லாதபோதும் போகவில்லை, தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதும் போகவில்லை. அரையாண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்காகப் போய்விடுவார்களா?

"அப்படியென்றால் அந்த வரிக்கு என்ன கிடைத்தது? வருடா வருடம் வெள்ளம், தெருவெல்லாம் பள்ளம்" என்று கேட்பீர்கள். நியாயமான கோபம். அந்தப் பள்ளத்தில் நானும்தான் நடக்கிறேன். கணக்குக் கேளுங்கள், உங்கள் வார்டு கவுன்சிலரின் வாசலில் போய் நில்லுங்கள், நானும் வருகிறேன். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற, சொந்த வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத முதியவர்களுக்கு இது சுமைதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குச் சலுகை கேட்டு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. அந்த மைக்கில் அவர்களைப் பற்றி ஒரு சொல் வந்ததா? பொறாமை என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இனி அந்த இரண்டாவது வாக்கியம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் 11 ஆண்டுகள் வாடகைக்கு இருந்தோம், 650 சதுர அடி. எங்கள் போர்ஷனுக்குத் தனி வரி எண். வீட்டுக்கார மாமாவுக்குக் கண் சரியில்லை, கணினியும் பழக்கமில்லை, அதனால் அவருடைய வரியையும் நான்தான் ஆன்லைனில் கட்டி, ரசீதை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அரையாண்டுக்கு 900 ரூபாயாக இருந்தது 1,575 ஆனது. ரசீதைக் கொடுத்த அன்று அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வரியை எப்படி ஏற்றியிருக்கிறார்கள் பார்த்தாயா அம்மா? அடுத்த மாதத்திலிருந்து 2,500 சேர்த்துக் கொடுத்துவிடு."

ஆறு மாதத்துக்கு அவருக்குக் கூடியது 675 ரூபாய். அதே ஆறு மாதத்துக்கு அவர் என்னிடம் கூட்டிக் கேட்டது 15,000. என் கையாலேயே கட்டிய ரசீது அது. பின்பக்கத்தில் பெருக்கிக் காட்டினேன். "விலைவாசி அப்படி அம்மா" என்றார்.

ஏழு மாதம் கொடுத்துப் பார்த்தோம். பக்கத்துத் தெருக்களில் வீடு தேடினால் 18,000 வாடகை, பத்து மாத அட்வான்ஸ். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு நான் எங்கே போவது? 2023 மே மாதம் கூடுவாஞ்சேரிக்குப் போனோம். எங்கள் பழைய அட்வான்ஸில் வண்ணம் அடிக்கும் கூலி என்று 12,000 பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார். காலையில் மின்சார ரயிலில் ஏறினால் மாம்பலம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாதி நாள் நின்றுகொண்டேதான். அம்மா சாயங்காலமானால் அயோத்யா மண்டபத்துக்கு நடந்து போய் உபன்யாசம் கேட்டுவிட்டு, வரும் வழியில் கீரை வாங்கி வருவார். இப்போது சாயங்காலங்களில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது.

வரி கட்டாதவர்களா நாங்கள்? அந்த 675ஐயும் கட்டினோம், அதற்கு மேல் பதினான்காயிரத்துச் சொச்சமும் கட்டினோம். ரசீதில் எங்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் அயர்ன் வண்டி வைத்திருந்த அண்ணன் மறைமலை நகருக்குப் போய்விட்டார். மாடியில் டியூஷன் எடுத்த டீச்சர் குடும்பம் ஊரப்பாக்கத்தில் இருக்கிறது, அதே ரயிலில் பார்ப்பேன். பூ கட்டி விற்ற அக்கா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களையும் சேர்த்து நான்கு குடும்பம், ஒரே தெருவில், இரண்டே வருடத்தில். எங்களுக்காக யாரும் கூட்டம் போடவில்லை.

அந்தக் காணொளியில் கைதட்டியவர்கள் இந்தப் பதிவைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2022க்குப் பிறகு சொத்து வரிக்காகச் சென்னை வீட்டை விற்றுவிட்டு வெளியேறிய உங்கள் உறுப்பினர் ஒருவரைக் காட்டுங்கள். பெயர் வேண்டாம், தெருவைச் சொன்னால் போதும். அன்றைக்கே இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.