அது வேதாகம வசனம் அல்ல

“தனக்குத் தானே உதவுகிறவனுக்கே கடவுள் உதவுவார் – பரிசுத்த வேதாகமம்” என்று ஒரு படம் எங்கள் வெள்ளவத்தைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை தேடினாலும் இப்படியொரு வசனம் இல்லை. பழைய கிரேக்கக் கதைகளிலேயே உள்ள கருத்து இது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் 1736இல் தன் பஞ்சாங்கத்தில் அச்சிட்டார்.

நல்ல வார்த்தைதானே, விடுங்கள் என்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்திருக்கும் பக்கத்து வீட்டு அன்ரி, இடது கையால் போனைத் தூக்கிக் காட்டி, “எனக்குச் சோத்தை அள்ளிச் சாப்பிடவே ஏலாது தம்பி. அப்ப ஆண்டவர் எனக்கு இல்லையோ?” என்று கேட்டார்.

நற்செய்தி சொல்வது இதற்கு நேர் எதிர். நாம் பெலனற்றவர்களாயிருக்கும்போதே கிறிஸ்து அக்கிரமக்காரருக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5:6. இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு வருவது. அது தேவனுடைய ஈவு என்கிறது எபேசியர் 2:8. இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனைப் பாருங்கள். திருடியதைத் திருப்பிக் கொடுக்கவோ, ஞானஸ்நானம் பெறவோ அவனுக்கு வழியில்லை. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, “அடியேனை நினைத்தருளும்” என்றான். மனந்திரும்புதல் அதுதான். அன்றைக்கே பரதீசு கிடைத்தது.

சரி, அப்படியென்றால் எப்படியும் வாழலாமா? கூடாது. நற்கிரியைகளைச் செய்யவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று எபேசியர் 2:10 சொல்கிறது. ஆனால் அவை இரட்சிப்புக்குப் பிறகு வருபவை. அதற்கான விலை அல்ல.

அன்ரிக்கு லூக்கா 23ஐ வாசித்துக் காட்டினேன். கள்வன் வரும் இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.